விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினால் சாதி குறையுமா, சண்டைதான் வருமா?

துணைவார்டன் கேட்டது:

தென்மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரி, அதில் நான் துணை வார்டன். பாடம் எடுப்பது வேதியியல், அதனால் நான் சொல்வதில் சமூகவியல் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறை. சேர்க்கை முடிந்ததும் பையன்களே பேசிவைத்து மூன்று பெயரை எழுதித் தருவார்கள், நாங்கள் அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிடுவோம். யாருக்கும் புகார் கிடையாது. விளைவு என்னவென்றால், அறை எண்ணைச் சொன்னால் சாதியைச் சொல்லிவிடலாம். வந்து நாலு நாள்கூட ஆகாத பையன்கள் எப்படிப் பிரிந்துகொள்கிறார்கள் என்று கவனித்தேன். "எந்த ஊரு?", "ஊர்ல எந்தப் பக்கம்?", "அங்க இன்னாரைத் தெரியுமா?", அவ்வளவுதான். கையில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டியிருந்தால் அதுகூடக் கேட்க வேண்டாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. வண்ணக் கயிறு கூடாது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் கல்லூரியிலும் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை போட்டோம், அவிழ்த்தார்கள், அறை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதனால் வரும் ஆண்டு அறைகளைக் குலுக்கிப் போடலாம் என்று சொன்னேன். மூத்த பேராசிரியர்கள் "ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விடுகிறீர்கள்" என்கிறார்கள். அதையாவது சமாளிக்கலாம். பட்டியல் சாதியைச் சேர்ந்த இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் தனியாக வந்து, "சார், அந்த ரூம்லதான் நாங்க சத்தமா பேச முடியுது, அதையும் எடுத்துடாதீங்க" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

என் கேள்வி இதுதான். சேர்ந்து இருந்தால் மச்சான், மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அது தெரியும். அதற்கு மேலே ஏதாவது மாறுமா? இட ஒதுக்கீடு, உதவித்தொகை, ஊர்க்கோவிலுக்குள் நுழைவது என்று வரும்போது ரூம்மேட்டுக்காக நிற்பானா? எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

---

புள்ளிவிவரப்பித்தன்:

செய்து பார்த்திருக்கிறார்கள் சார், அச்சு அசல் உங்கள் கேள்வியையே.

அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு அறைத்தோழர்களைக் கணினி குலுக்கிப் போட்டது. கறுப்பின ரூம்மேட் அமைந்த வெள்ளை மாணவர்களைச் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, வெள்ளை ரூம்மேட் அமைந்தவர்களைவிட அவர்கள் அந்த ஊர் இட ஒதுக்கீட்டை அதிகம் ஆதரித்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு. குலுக்கல் என்பது இங்கே ரொம்ப முக்கியம். சும்மா ஒரு கணக்கெடுப்பு நடத்தி "மற்ற சாதியில் நண்பர் உள்ளவர்களுக்கு வெறுப்பு குறைவு" என்று சொன்னால், வெறுப்பு குறைவானவன்தானே அப்படி நண்பனைத் தேடிப் போகிறான் என்று யாரும் மடக்கிவிடலாம். குலுக்கலில் யாரும் யாரையும் தேடிப் போகவில்லை.

கேப் டவுன் பல்கலைக்கழக விடுதிகளிலும் இதே மாதிரி பார்த்தார்கள், 2022இல் வெளியானது. கறுப்பின மாணவரோடு தங்கிய வெள்ளை மாணவர்களிடம் மட்டமான எண்ணங்கள் குறைந்தன. கலப்பு அறையில் இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணும் ஏறியது, இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டிலேயே இரண்டு உண்டு. தில்லியில் அரசு நிலத்தைச் சலுகையில் வாங்கிய பணக்காரப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு 20 சதவீத இடம் தர வேண்டும் என்று 2007இல் கட்டாயமாக்கினார்கள். அந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர் ஒரு தொடர் ஓட்டம் வைத்தார். ஜெயித்தால் பரிசுப் பணம். கூட ஓட வேகமாக ஓடும் ஏழைப் பையன் வேண்டுமா, மெதுவாக ஓடும் நம்மைப் போன்ற பையன் வேண்டுமா? ஏழைப் பிள்ளைகளோடு படித்தவர்கள் வேகமாக ஓடுபவனைத் தேர்ந்தெடுப்பது கூடுதலாக இருந்தது. அப்படிச் சேர்ந்து படிக்காத வசதியான பிள்ளைகளில் பலர் பணத்தை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக ஓடுபவனைக் கேட்டார்கள்!

இன்னொன்று உத்தரப் பிரதேசத்தில் மேட் லோவ் நடத்திய கிரிக்கெட் லீக். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள், பல சாதி, சில அணிகள் கலப்பு, சில அணிகள் ஒரே சாதி. ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது, சொந்த சாதிக்காரனுக்கே சலுகை செய்வது குறைந்தது. எதிரணியாக மோதியவர்களிடம் பெரும்பாலும் எதிர்மாறாகப் போனது. கலந்தால் போதும் என்பதில்லை, எதற்காகக் கலக்கிறோம் என்பதும் இருக்கிறது. ஆல்போர்ட் என்பவர் 1954லேயே நிபந்தனை போட்டுவிட்டார்: சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், ஒத்துழைத்துச் செய்ய ஏதாவது வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும்.

ஆகவே என் ஓட்டு குலுக்கலுக்கு.

---

சும்மா_ஒரு_பார்வையாளன்:

படிக்க வருகிற இடத்தில் இதையெல்லாம் கிளறுவதே தப்பு. நான் படித்த விடுதியில் சாதியே கிடையாது, யாரும் யாரையும் கேட்டதில்லை. நீங்கள்தான் பையன்களுக்கு ஞாபகப்படுத்துகிறீர்கள்.

---

கோட்டைமேட்டுக்காரி:

@சும்மா_ஒரு_பார்வையாளன், கேட்டதில்லை என்றால் உங்களிடம் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான் அண்ணா.

நான் பெண்கள் விடுதி. எங்கள் அறையில் நான்கு பேர், எல்லோரும் ரொம்ப ஒட்டு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கஞ்சி வாங்கி வந்து ஊட்டுவாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், பொங்கலுக்குப் புடவை மாற்றிக்கட்டிப் படம் எடுப்போம். ஆனால் ஊரிலிருந்து வரும் தூக்குச்சட்டி என்று ஒன்று உண்டு. மூன்று பேருடைய தூக்குச்சட்டி நடுவில் வைக்கப்படும், யார் வேண்டுமானாலும் கை விடலாம். நான்காவது ஆள் கொண்டுவந்தது "அப்புறம் சாப்பிடறேன்டி", "எனக்கு இன்னிக்கு விரதம்", "வயிறு சரியில்ல" என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போய் வாளியில் கொட்டப்படும். ஒருநாளும் யாரும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் அந்த மூவரும் "எங்க ரூம்ல சாதியே இல்ல" என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

---

எட்டாம்நம்பர்அறை:

பித்தன் சொன்ன ஆய்வுகளில் மாறியவர்கள் எல்லாம் மேலே இருப்பவர்கள். மதிப்பெண்ணைத் தவிர, கீழே இருப்பவன் மனசுக்கு என்ன ஆனது என்று யாராவது கேட்டார்களா? அந்த இரண்டாமாண்டுத் தம்பி சொன்னது எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் நான் பள்ளி முடியும் வரை ஆதிதிராவிடர் நல விடுதி, கல்லூரியில் கலப்பு விடுதி.

நல விடுதியில் சாப்பாடு மோசம், கழிவறை அதைவிட மோசம், ஆனால் அங்கே நான் வாயாடி. வார்டனை எதிர்த்து மனு எழுதியிருக்கிறேன். கல்லூரியில் என் ரூம்மேட்கள் இருவரும் நல்லவர்கள், இன்றைக்கும் தொடர்பில் இருக்கிறோம், என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள். வளாக நேர்காணல் முடிந்து முடிவு வந்த இரவு ஒருவன் சொன்னான்: "உனக்கென்னடா, இங்க கிடைக்கலன்னா கவர்மென்ட்ல கோட்டா இருக்கு." விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். என் அப்பாவின் கூலியும் அவன் அப்பாவின் பத்து ஏக்கர் தோப்பும் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நல விடுதியாக இருந்தால் அப்படிச் சொன்னவனை நான் விட்டிருக்க மாட்டேன். இங்கே நண்பன் ஆயிற்றே, எதற்கு வம்பு, நல்லவன்தானே, போகப்போகப் புரிந்துகொள்வான் என்று விட்டேன். அவன் புரிந்துகொள்ளவில்லை. அவன் என்னை விரும்புகிறான், இட ஒதுக்கீட்டை விரும்பவில்லை, இரண்டும் ஒரே மனசுக்குள் சண்டையில்லாமல் இருக்கிறது. "நீ வேற மச்சான், உன்ன மாதிரி கஷ்டப்பட்டு வந்தவனுக்குக் குடுக்கலாம், மத்தவன் எல்லாம் சும்மா அனுபவிக்கறான்" என்பான்.

மாறியது நான்தான். நான்கு வருடத்தில் ஒரு மனு எழுதவில்லை.

---

நள்ளிரவு_நூலகர்:

எட்டாம் நம்பர் அறைக்காரர் சொன்னதற்கும் ஆய்வு உண்டு, சொல்லப்போனால் இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளின் பெரிய சண்டையே இதுதான்.

தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்து பத்தாண்டு கழித்து டிக்ஸன், டர்ஹைம், ட்ரெடூ என்ற மூவர் தொலைபேசிவழிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள், 2007இல் வெளியிட்டார்கள். கறுப்பர்களோடு நல்ல பழக்கம் உள்ள வெள்ளையர்கள் சமத்துவத் திட்டங்களைச் சற்று அதிகம் ஆதரித்தார்கள். ஆனால் வெள்ளையர்களோடு நல்ல பழக்கம் உள்ள கறுப்பர்கள் அதே திட்டங்களைக் குறைவாக ஆதரித்தார்கள். இன்னொன்று, "எல்லோரும் சமம்தானே?" என்றால் வெள்ளையர்களில் ஆமாம் என்பவர்கள் ஏராளம், "அப்படியானால் பறித்த நிலத்தைத் திருப்பித் தரலாமா, வேலையில் முன்னுரிமை தரலாமா?" என்றால் ஆமாம் சட்டென்று இறங்கிவிடும்.

ஏன் இப்படி என்று காட்ட 2009இல் தமர் சகுய் முதலானோர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை இரண்டு குழுவாக்கி, கூடுதல் மதிப்பெண்ணை இரு குழுவுக்கும் பங்கிடும் அதிகாரத்தை ஒரு குழு கையில் கொடுத்தார்கள். பங்கிடும் முன் பேசிக்கொள்ள வேண்டும். சிலருக்கு "உங்களிடையே பொதுவாக இருப்பதைப் பேசுங்கள்", சிலருக்கு "வேறுபாட்டைப் பேசுங்கள்" என்று சொல்லப்பட்டது. பொதுவானதைப் பேசி இனிமையாகப் பழகிய பிறகு, அதிகாரம் இல்லாத குழு "இவர்கள் நமக்கு நியாயமாகத் தருவார்கள்" என்று நம்பியது. அதிகாரம் உள்ள குழுவோ இரண்டு சூழலிலும் தனக்கே கூடுதலாக வைத்துக்கொண்டது. பேச்சு இனித்தது, பங்கு மாறவில்லை.

அப்புறம் 2020இல் 69 நாடுகள், ஏறத்தாழ 13,000 பேர் என்று பெரிய அளவில் பார்த்தார்கள். அதே கதைதான்: மேலே உள்ளவர்களிடம் பழக்கம் கூடக்கூட மாற்றத்துக்கு ஆதரவு கூடுகிறது, கீழே உள்ளவர்களிடம் குறைகிறது. ஒரே ஒரு விதிவிலக்கு. "மற்றக் குழுவோடு கைகோத்து இதற்காக வேலை செய்யத் தயாரா?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் கூடியது. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று 2013இல் வந்தது: மேலே உள்ள நண்பன் "இந்த ஏற்றத்தாழ்வு அநியாயம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்த நட்பு கீழே உள்ளவரின் போராடும் எண்ணத்தைக் குறைப்பதில்லை. அறைத்தோழன் வாய் திறந்திருந்தால் நம் நண்பர் ஒருவேளை மனு எழுதிக்கொண்டே இருந்திருப்பார்.

நமக்கு இது புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயர் காலத்தில் பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனிச் சாப்பாடு என்ற பிரச்சினை வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள், சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று. ஆனால் 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியது பந்திக்காக அல்ல, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததற்காக. 1936இல் லாகூரில் இருந்த ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம் அழைத்துவிட்டுப் பிறகு ரத்து செய்த கூட்டத்துக்கு எழுதிய உரையில் அம்பேத்கர், சமபந்தியால் சாதி உணர்வு சாகவில்லை என்று தெளிவாகவே சொல்கிறார். நம் ஊரில் இன்றும் ஆகஸ்ட் 15 அன்று கோவில்களில் பொது விருந்து நடக்கிறது, அமைச்சர்கள் இலை போட்டு உட்காருகிறார்கள். நான் அதை நக்கல் செய்ய மாட்டேன், ஒரு காலத்தில் அதற்கே ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. ஆனால் விருந்து முடிந்த பிறகு அந்தக் கோவிலின் அறங்காவலர் பட்டியலைப் பாருங்கள் என்பேன்.

---

திருமங்கலம்_பஸ்:

சமத்துவபுரம் பற்றி யாரும் பேசவில்லையே. 1998இல் முதலாவது எங்கள் பக்கம் மேலக்கோட்டையில்தான் திறந்தார்கள். நூறு வீட்டில் 40 பட்டியல் சாதி, 25 பிற்பட்டோர், 25 மிகப் பிற்பட்டோர், 10 மற்றவர்கள். வீடும் குலுக்கல்தான், பக்கத்து வீடு யார் என்பது நம் கையில் இல்லை. என் சித்தி வேறொரு சமத்துவபுரத்தில் இருக்கிறார். குழாயடியில் பிரச்சினை இல்லை, பிள்ளைகள் எல்லா வீட்டிலும் ஏறி இறங்கும், சாவு வீட்டுக்கு எல்லோரும் போவார்கள். கல்யாணம், கோவில் கொடை என்றால் அவரவர் பழைய ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஊரில் அந்தப் பாதிகூட இல்லை.

---

துணைவார்டன்:

எல்லோருக்கும் நன்றி. எட்டாம் நம்பர் அறைக்காரர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இப்போது என் யோசனை இது: முதலாண்டுக்கு மட்டும் குலுக்கல், இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு சிக்கல். ஓர் அறையில் பட்டியல் சாதி மாணவன் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்றால் நான் சாதி பார்த்து அறை போட வேண்டும். சாதி பார்க்கவே கூடாது என்றால் அவன் தனியாக மாட்டக்கூடும். எது சரி?

---

எட்டாம்நம்பர்அறை:

சாதி பார்த்துப் போடாதீர்கள் சார். அந்தப் பட்டியல் அலுவலகத்தில் தட்டச்சாகும்போதே விடுதிக்கு வந்துவிடும், அப்புறம் "இந்த ரூமுக்கு இவனை வேணும்னே போட்டாங்க" என்று ஆரம்பிக்கும். குலுக்கியதைக் குலுக்கியபடி விடுங்கள். அதற்குப் பதிலாக, முதல் மாதம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் அறை மாற்றம் கேட்கலாம் என்று வையுங்கள். தொல்லை நடந்தது உறுதியானால் தொல்லை கொடுத்தவனை மாற்றுங்கள். வழக்கமாகப் பட்டவனைத்தான் பெட்டியைத் தூக்கச் சொல்வார்கள். தில்லி எய்ம்ஸ் பற்றி 2007இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையில் அதுதான் இருக்கிறது, தொல்லை தாங்காமல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட சில தளங்களுக்கு ஒதுங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவர்களே விரும்பிச் சேர்ந்து இருப்பது போலத் தெரியும்.

அந்தத் தம்பி கேட்டது அறை இல்லை, சத்தமாகப் பேச ஓர் இடம். மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுங்கள், அம்பேத்கர் வாசகர் வட்டம் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும், எல்லோரும் வரலாம் என்று அறிவியுங்கள். குலுக்கலில் வந்த ரூம்மேட் ஒருநாள் அங்கே வந்து உட்கார்ந்தால் நள்ளிரவு நூலகர் சொன்ன அந்த விதிவிலக்கு நடக்கும்.

---

கோட்டைமேட்டுக்காரி:

ஒன்று விட்டுப்போயிற்று சார். உங்கள் விடுதி அறிவிப்புப் பலகையில் மெஸ் பாக்கிப் பட்டியல் ஒட்டுகிறீர்களா? எங்கள் விடுதியில் ஒட்டுவார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தாமதமானால் பாக்கி யார் யாருக்கு விழும் என்று உங்களுக்கே தெரியும். மாதாமாதம் பத்தாம் தேதி அந்தத் தாளைப் பார்த்தால் போதும், "எந்த ஊரு, எந்தப் பக்கம்" எதுவும் கேட்க வேண்டாம். பித்தன் சொன்ன சம அந்தஸ்து அந்தத் தாளிலேயே போய்விடுகிறது. உதவித்தொகை வரும் வரை அந்தப் பெயர்களைப் பாக்கியில் காட்டாமல் கல்லூரியே கணக்கில் தாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் பலகையில் ஒட்டாமல் அவரவரிடம் சீட்டாகவாவது கொடுங்கள். மெஸ் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

---

துணைவார்டன்:

ஒட்டுகிறோம். இன்று காலைதான் புதிதாக ஒட்டியிருந்தார்கள். மெஸ் மேலாளரிடம் எடுக்கச் சொன்னேன், "பலகையில போட்டாதான் சார் கட்டுவாங்க" என்கிறார். உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு வைப்பது பற்றி நாளை முதல்வரிடம் பேசப் போகிறேன். வேறு கல்லூரிகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் கையோடு எடுத்துப் போக உதவும். மெஸ் கமிட்டி ஐந்து பேர், ஐவரும் முதல் மாடிக்காரர்கள். முதல் மாடி எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.